பாடசாலை வாசலோடு சட்டம் நின்றுவிடுவதில்லை

கடந்த மாதம் சம்பளம் போட்ட மறுநாள், அந்திக் கொழுந்து நிறுத்து முடித்த கையோடு ஒரு தாய் தமது மகனைக் கூட்டிக்கொண்டு எமது காரியாலயத்துக்கு வந்தார். பையன் எட்டாம் தரத்தில் படிக்கிறான். அவனுக்கு இடது பக்கம் நின்று பேசினால் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று அவனிடம் கேட்டோம். தாய்தான் பதில் சொன்னார். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு போகாததற்கு ஆசிரியர் கன்னத்தில் அறைந்திருக்கிறார். அன்று இரவே காதில் இரைச்சல். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வலி நிற்காததால் நாலு நாள் கழித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே டாக்டர் காரணம் கேட்டபோது என்ன சொன்னீர்கள் என்று கேட்டோம்.

"விழுந்துட்டான்னு சொல்லிட்டேன் சார். வாத்தியார் மேல கேசு ஆயிட்டா, பெறகு புள்ளைய அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எப்படி அனுப்புறது?"

சம்பவம் நடந்து எத்தனை நாள் என்று கலண்டரை வைத்து எண்ணிப் பார்த்தோம். 47 நாள்.

அந்த 47 நாளில் ஒன்றும் நடக்காமல் இல்லை. அதிபரின் அறையில் ஒரு பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது. ஆசிரியர் வருத்தம் தெரிவித்தார். மருந்துச் செலவுக்கென்று 3,000 ரூபா கொடுத்தார். எல்லோரும் தேத்தண்ணி குடித்துக் கலைந்தார்கள். அந்தப் பேச்சுவார்த்தையை முன்னின்று நடத்தியவர் வேறு யாருமல்ல, எமது சங்கத்தின் தோட்டத் தலைவரேதான். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது எமக்குத் தெரியும். சண்டை வேண்டாம், பிள்ளையின் படிப்புக் கெடக்கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால், அவர் சமாதானம் பேசிக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அப்படி ஒரு கதவு இருப்பது தாய்க்கும் தெரியாது, தலைவருக்கும் தெரியாது. தலைவருக்குத் தெரியாமல் போனதற்குச் சங்கம்தான் பொறுப்பு. பையன் தொடர்ந்து அங்கேதான் படிக்க வேண்டும் என்பதால் தோட்டத்தின் பெயரையோ பாடசாலையின் பெயரையோ இங்கே நாம் போடவில்லை.

அந்தக் கதவைப் பற்றிப் பேசுமுன் இன்னொரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்பகுதியில் ஓர் அரசாங்கப் பாடசாலை. 2017ஆம் ஆண்டு அங்கே ஓர் ஆசிரியர் மாணவன் ஒருவனைக் கன்னத்தில் அறைந்தார். அவனுக்கும் காதில்தான் பாதிப்பு. ஆனால் அந்தப் பெற்றோர் பேசித் தீர்க்கவில்லை. மகனோடு சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுவொன்றைப் போட்டார்கள். வழக்கு நாலு வருடம் இழுத்தது. 2021 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதியரசர் எஸ். துரைராஜா. சித்திரவதைக்கும், கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தைக்கும் தண்டனைக்கும் எவரையும் உட்படுத்தக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை. அந்த உரிமை மீறப்பட்டுள்ளது என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆசிரியர் தமது கையிலிருந்து 150,000 ரூபாவும், அரசு 500,000 ரூபாவும் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டது.

இந்த இரண்டாவது தொகையைக் கவனியுங்கள். அடித்தவர் கொடுக்க வேண்டியதை விட அரசு கொடுக்க வேண்டியது மூன்று மடங்குக்கும் மேல். "ஒரு வாத்தியார் கோபத்தில் கைநீட்டிவிட்டார், அதை அவரே பார்த்துக்கொள்ளட்டும்" என்று கல்வி அமைச்சு ஒதுங்கிக்கொள்ள முடியாமல் போனது. பிள்ளையைப் பாடசாலைக்குள் எடுத்துக்கொண்ட பிறகு, உள்ளே அதற்கு என்ன நடக்கிறது என்பதற்கு அரசும் பதில் சொல்ல வேண்டும்.

எங்கோ தெற்கில் நடந்த வழக்கு மலைநாட்டுத் தோட்டத்துக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். தொழில் நியாயசபைக்குப் போய் வந்த பழைய தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தில் அநியாயமாக வேலை நிறுத்தப்பட்ட ஒருவர் மேல் கோர்ட்டுக்குப் போய் வென்றால், அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு தோட்டத்தில் இன்னொருவருக்காக வாதாடுகிறோம் அல்லவா? இதுவும் அப்படித்தான். உயர் நீதிமன்றம் நாட்டின் ஆக மேலான நீதிமன்றம். அது 11ஆம் உறுப்புரைக்குச் சொன்ன அர்த்தம் கொழும்புப் பாடசாலைக்கும் பொருந்தும், லயத்துக்கு மேலே தகரக் கூரையோடு நிற்கும் எமது பாடசாலைக்கும் பொருந்தும்.

இங்கே எமது பிள்ளைகளின் பாட்டன் பூட்டன் காலத்துக் கதையொன்றும் வருகிறது. தோட்டப் பாடசாலை முன்பு தோட்டத்தினுடையது. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பைத் துரைமார் தலையில் வைத்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரும் ஒரு மடுவமும் இருந்தால் பள்ளிக்கூடம் என்ற நிலைதான் பல இடங்களில் நீண்ட காலம் இருந்தது. 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும்தான் இந்தப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. அன்று அதை ஆசிரியர் சம்பளம், புத்தகம், கட்டடம் என்ற கணக்கில்தான் எல்லோரும் பார்த்தோம். ஆனால் அதில் இன்னொரு மாற்றமும் இருந்தது. அடிப்படை உரிமை மனு என்பது அரசாங்கத்தின், அதாவது ஆட்சித்துறையின் அல்லது நிருவாகத்துறையின், செயலுக்கு எதிராகப் போடுவது. துரையின் பள்ளிக்கூடத்தில் நடந்த அநியாயத்துக்கு அப்படியொரு மனு போட வழியில்லை. அரசாங்கப் பாடசாலையில் போடலாம். பெயர்ப்பலகை மாறிய நாளிலிருந்து எமது பிள்ளைகள் படிக்கும் அறைக்குள்ளும் அரசியலமைப்பு நுழைந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. இந்த அரசியலமைப்பு 1978இல் எழுதப்பட்டபோது எம்மில் ஏராளமானோருக்குப் பிரஜாவுரிமையே இருக்கவில்லை. ஆனால் 11ஆம் உறுப்புரை பிரஜையைப் பற்றிப் பேசவில்லை. ஆள் எவரையும் என்கிறது. எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்னும் 12(1)ஆம் உறுப்புரையும் ஆட்கள் எல்லோருக்கும் உரியது. கடதாசி இல்லாத பிள்ளைக்கும் அந்த இரண்டும் இருக்கின்றன.

கல்வி அடிப்படை உரிமைதானே, பிறகு எதற்கு இந்தச் சுற்றுவழி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மே தின மேடைகளில் நாமே அப்படித்தான் பேசியிருக்கிறோம். உண்மை கொஞ்சம் கசப்பானது. எல்லோருக்கும் எல்லா மட்டங்களிலும் சமமான கல்வி வாய்ப்பு என்பது எமது அரசியலமைப்பில் 27ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அது அரசுக்கு வழிகாட்டும் கொள்கைகள் அடங்கிய அத்தியாயம். அந்தக் கொள்கைகளை வைத்து நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்று 29ஆம் உறுப்புரை தெளிவாகச் சொல்லிவிடுகிறது. முன்வாசலில் பூட்டு. ஆகவே பெற்றோரும் சட்டத்தரணிகளும் பக்கவாசலால் போனார்கள். பிள்ளையை அடித்தால் 11. பிள்ளையைப் பாகுபாடாக நடத்தினால் 12(1). ஒவ்வொரு வழக்காகத் தட்டித் தட்டித்தான் பாடசாலைகளின் கடமை என்னவென்று எழுதப்பட்டு வந்திருக்கிறது. அவற்றுள் பலவற்றை எழுதவைத்தவர்கள், விட்டுக்கொடுக்க மறுத்த தாய் தகப்பன்மார்.

2007இல் முதலாம் தரச் சேர்ப்பு வழக்கு அப்படி வந்ததுதான். பெரிய கொழும்புப் பாடசாலைகளில் இடம் கிடைக்காத பெற்றோர் போட்ட வழக்கு. எமக்கும் அந்தப் பாடசாலைகளுக்கும் வெகுதூரம். ஆனாலும் அப்போதிருந்த சேர்ப்புச் சுற்றுநிருபம் சமத்துவ உரிமைக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. அமைச்சு வெளியிடும் சுற்றுநிருபமும் நீதிமன்றத்தின் தராசில் ஏற வேண்டியதுதான் என்பது அன்று தெளிவானது.

2016இல் குளியாப்பிட்டியிலிருந்து வந்த வழக்கு எமக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு சிறு பிள்ளைக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று ஊரில் கதை பரவியது. கதை பொய், பிள்ளைக்கு அந்தத் தொற்றே இருக்கவில்லை. ஆனாலும் பாடசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையை விரித்தன. இடம் கிடைத்த பாடசாலையில் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். விடயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அத்தகைய பிள்ளைகளின் கல்விக்கான உரிமையை அரசு உறுதிப்படுத்த வேண்டும் என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் எடுத்தது. ஊர் விரும்பவில்லை, பெற்றோர் எதிர்க்கிறார்கள் என்பது பிள்ளையை வெளியே நிறுத்துவதற்கு நியாயம் ஆகாது. "லயத்துப் பிள்ளைகள் வந்தால் எங்கள் பிள்ளைகளின் படிப்புக் கெட்டுவிடும்" என்ற பேச்சை டவுன் பாடசாலை வாசலில் கேட்டுவிட்டுத் திரும்பி வந்த எத்தனை பெற்றோரை எமக்குத் தெரியும்! இடமில்லை என்றால் எதனால் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டவுடனேயே இடம் உண்டாகிவிட்ட சம்பவங்களும் உண்டு.

இனி அடி விவகாரத்துக்குத் திரும்புவோம். இங்கேதான் எமக்குச் சங்கடம்.

இதை எழுதும் நாமும் தோட்டப் பாடசாலையில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர்கள். 2015இல் 6,000 ரூபா மாதக் கொடுப்பனவுக்கு ஆசிரியர் உதவியாளர்களாகப் போனவர்களின் கூட்டாளிகள். ஒரே மண்டபத்தில் தட்டிகூட இல்லாமல் மூன்று வகுப்புகள், பின்வாங்கில் காலைச் சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளைகள், மேலிடத்திலிருந்து பெறுபேறு ஏன் குறைந்தது என்று கேள்வி. கோபம் வரும். எம் கையிலும் பிரம்பு இருந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்தத் தலையங்கத்தை எழுதினால் அது நேர்மையாகாது. 2021 தீர்ப்பை வாசித்த அன்று எமக்கு முதலில் வந்தது நியாய உணர்ச்சி அல்ல, பயம். அந்த ஆசிரியரின் இடத்தில் நாம் நின்றிருக்க முடியும் என்ற பயம்.

ஆனால் அடிப்பது கூடாது என்பது 2021இல் திடீரென்று வந்த விடயமல்ல. 1995லேயே, பாடசாலையில் தாக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில் உயர் நீதிமன்றம் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்த்திருந்தது. அதே வருடம் தண்டனைச் சட்டக்கோவையில் சிறுவருக்குக் கொடுமை இழைப்பதைக் குற்றமாக்கும் 308அ பிரிவு சேர்க்கப்பட்டது. உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் சொன்னது. அந்தச் சுற்றுநிருபம் எங்கே இருக்கிறது என்று எமது பாடசாலைகளில் கேட்டுப் பாருங்கள். அநேகமாக அதிபரின் அலுமாரியில், பழைய வரவு இடாப்புகளுக்கு அடியில் கிடக்கும். தமிழ்ப் பிரதி கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம்.

பெற்றோர் பக்கத்திலும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பிள்ளையைச் சேர்க்க வரும்போதே, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று சொல்லி ஒப்படைக்கிற தகப்பன்மாரை நாம் வருடாவருடம் பார்க்கிறோம். அன்பாகத்தான் சொல்கிறார்கள். தான் மலையேறிய மாதிரி மகனும் ஏறக்கூடாது என்ற தவிப்பில் சொல்கிறார்கள். ஆனால், தகப்பன் அனுமதி கொடுத்தார் என்பதால் சட்டம் ஆசிரியருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிடுவதில்லை. அந்த உரிமை பிள்ளையினுடையது. தகப்பன் அதை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது. கங்காணி கையில் இருந்த பிரம்புக்குப் பயந்து பெரட்டுக்களத்தில் நின்ற சனத்தின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் பிரம்பு கீழே விழுவதற்காகச் சங்கம் கட்டியவர்கள், அதே பிரம்பைப் பள்ளிக்கூடத்துக்கு நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது சரியா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு 5 வயதிலிருந்து 16 வயது வரை பாடசாலை கட்டாயம். அனுப்பாவிட்டால் பெற்றோரைக் கேள்வி கேட்க அதிகாரிகள் வருகிறார்கள். அடிக்குப் பயந்து பிள்ளை நின்றுவிட்டால், இடைவிலகல் என்று பதிந்து பெற்றோரின் அக்கறையின்மை என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. அனுப்புவது எமது கடமை என்றால், அனுப்பிய இடத்தில் பிள்ளை பத்திரமாக இருப்பது அவர்களுடைய கடமை. இதைச் சொல்ல இனி நாம் தயங்க வேண்டியதில்லை. உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இப்போது அந்தக் கதவு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டும். ஒரு மாதம்தான். கொழும்பிலுள்ள ஒரு சட்டத்தரணியைத் தேட வேண்டும், மருத்துவ அறிக்கை எடுக்க வேண்டும், சத்தியக்கடதாசி எழுத வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்குக்கூடப் பேர் விழாத ஒரு தாய்க்கு அந்த ஒரு மாதம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குச் சட்டத்தில் ஒரு சிறு வழி இருக்கிறது. அதே ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், ஆணைக்குழுவின் விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. கண்டியிலும் பதுளையிலும் அவர்களுக்குப் பிராந்தியக் காரியாலயங்கள் உண்டு. 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கவும் முடியும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கடிதத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை உண்மையாகவே நடந்துகொண்டிருந்தது என்று மனுதாரர் காட்ட வேண்டும் என்று பிற்காலத் தீர்ப்புகள் இறுக்கிவிட்டன. ஆணைக்குழு தரும் இலக்கம், அனுப்பும் கடிதம், கூப்பிட்ட திகதி எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

அதைவிட முதல் வேலை ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்டால், அடித்ததை அடித்தது என்றே சொல்லுங்கள். "விழுந்துவிட்டான்" என்று ஒருமுறை கடதாசியில் எழுதப்பட்டுவிட்டால், பிறகு எந்தச் சட்டத்தரணி வந்தாலும் அதை அழிக்கப் படாத பாடுபட வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குச் சொல்லலாம். பொலிசில் முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதியது சிங்களத்தில் இருந்தால் வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

ஆசிரியர் தோழர்கள் சிலர் இதை வாசித்துவிட்டு, சங்கம் எமக்கு எதிராகத் திரும்பிவிட்டதா என்று கேட்பார்கள். ஏற்கனவே ஒருவர் கேட்டும் விட்டார். மூன்று வகுப்பை ஒரு மண்டபத்தில் அடைத்து வைத்திருப்பதும் அரசுதான், அந்த நெருக்கடியில் ஆசிரியரைத் தனியே விட்டிருப்பதும் அரசுதான். அந்த 500,000 ரூபாக் கட்டளையை நாம் அந்தப் பக்கத்திலிருந்தும் வாசிக்கிறோம். பிரம்பில்லாமல் வகுப்பை நடத்துவதற்கான பயிற்சியையும், ஆளணியையும், அறையையும் கேட்க அது எமக்கு ஒரு பிடி. வலயக் கல்விப் பணிமனைக்கு இது பற்றி எழுதும் கடிதத்தில் ஆசிரியர்களும் கையெழுத்திட வேண்டும் என்று கேட்கிறோம். ஆனால் பிள்ளையின் காது பழுதான பிறகு, அடித்தவர் எம்மவர் என்பதற்காகச் சங்கம் நடுவில் வந்து நிற்காது.

எனவே, தோட்டக் கமிட்டிகளுக்கு ஒரு அறிவித்தல். பாடசாலையில் பிள்ளைக்குக் காயம் ஏற்பட்ட எந்தச் சம்பவத்திலும் தலைவரோ மாதர் சங்கத் தலைவியோ சமாதானம் பேசப் போக வேண்டாம். அன்றைய தினமே திகதியையும் நேரத்தையும் எழுதி மாவட்டக் காரியாலயத்துக்குச் சொல்லுங்கள். தாயோடு ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவருக்கு விடுபடும் பேரைச் சந்தாப் பணத்திலிருந்து கொடுப்பதென்று சென்ற கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறோம்.

47 நாள் கழித்து வந்த அந்தத் தாய்க்கு உயர் நீதிமன்றக் கதவு அநேகமாக மூடிவிட்டது. தாமதத்தை நீதிமன்றம் மன்னிப்பது மிக அரிது. ஆனால் பொலிஸ் முறைப்பாட்டுக்கும் திணைக்கள விசாரணைக்கும் அந்த ஒரு மாதக் கணக்கு கிடையாது. இரண்டையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதிபர் அறையில் வாங்கிய 3,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா என்று தாய் கேட்டார். மருந்துக்கே செலவாகிவிட்டதாம். கொடுக்கத் தேவையில்லை, வாங்கியதையும் முறைப்பாட்டில் எழுதுவோம் என்றோம். எந்தக் கையால் அறைந்தார் என்று எழுத வேண்டியிருந்தபோதுதான் பையன் முதன்முதலாக வாய் திறந்தான். அடுத்த காது கிளினிக் வருகிற புதன்கிழமை. எமது மாதர் சங்கத் தலைவி கூடப் போகிறார்.